நாலு சீட்டுக்கு வைத்த மஞ்சள்

நீதானே அது? கையைத் தூக்கினவன்.

தெரியும். கண்ணாடியை மாற்றிவிட்டால் ஆள் தெரியாதா? உள்ளே வா. வாசலிலேயே நிற்காதே, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். அந்த நாற்காலி வேண்டாம், சாயும். கட்டிலில் உட்கார்.

என் பையன் இப்போது இங்கே இல்லை. விஜயதசமி முடிந்து பத்துப் பதினைந்து நாளில் போனவன். தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. மில்லில் ஓவர்டைம். பண்டிகை நாளில் ஓட்டினால் இரட்டைச் சம்பளம், யார் விடுவார்கள்?

மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நூலில் கோளாறு தெரிந்தால் மெஷினை நிறுத்துகிறவன்தான் வேலைக்காரன். நீ பார்த்தாய், நிறுத்தினாய். உடனே நிறுத்தவில்லை, கொஞ்சம் யோசித்தாய். அதையும் நான் பார்த்தேன். என் கோபமெல்லாம் என் பையன்மேல்தான்.

சொல்கிறேன், கேள். நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். இந்த வீட்டில் சுவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

யோகேஸ்வரன் டிப்ளமா முடித்தான். பேங்க் பரீட்சை எழுதினான், போயிற்று. ரயில்வே எழுதினான், போயிற்று. மறுபடி பேங்க். ஒரு மார்க்கில் போயிற்று என்றான். ஒரு மார்க்கில் போனால் என்ன, நூறு மார்க்கில் போனால் என்ன? போனது போனதுதானே. அதைத்தான் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், அது ஒரு குற்றமா? பாதித் தட்டில் எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த அறைதான். அதோ, பூட்டியிருக்கிறதே, அதுதான். அவன் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். கூப்பிடவும் ஆள் இல்லை, கெஞ்சவும் ஆள் இல்லை. நான் கெஞ்சுகிறவன் இல்லை. சோற்றை மூடி வைப்பேன். நான் தூங்கின பிறகு வந்து தின்பான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஷிப்ட் மாற்றி இருந்தமாதிரி இருந்தோம். இரண்டு வருஷம் அப்படி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்டேன். ஷாநவாஸின் மாடிக் கடைக்கு, கார்டு விளையாட என்றான்.

"சீட்டா? சீட்டு விளையாடவா போற?"

"சீட்டு இல்லீங்கப்பா. கார்டு. இதுல காசு வெச்சு ஆட மாட்டாங்க."

"காசு வெக்காம எவன்டா சீட்டு ஆடுவான்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஒண்டிப்புதூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரைக்கும் பஸ்ஸில். வாசல்படி தாண்டாதவன். போகட்டும், வெயில் படட்டும் என்று விட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததை உன்னிடமே சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அறுபது கார்டு சேர்த்து ஒரு கட்டு. டெக் என்பீர்கள். அவரவர் கட்டை அவரவர்தான் சேர்க்க வேண்டும், காசு கொடுத்து. நல்ல கட்டு வேண்டுமென்றால் நல்ல கார்டு. நல்ல கார்டு ஒன்று நான் மில்லில் வாங்கின ஒரு மாதத்துச் சம்பளம். உன் கட்டின் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று சொன்னான். உண்மையா? சரி, சொல்ல வேண்டாம். உன் அப்பா வாங்கிக் கொடுத்தார், நல்லவர். எனக்கு அப்படிப் புத்தி கெடவில்லை.

இவனிடம் என்ன இருந்தது? ஷாநவாஸ் கடையில் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டாமே. காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் விட்டெறிந்த கார்டு, யாரும் வேண்டாத கார்டு. பை நிறைய அள்ளிக்கொள், பேருக்கு ஏதாவது காசு கொடு என்று சொல்லிவிடுவானாம். அதை அள்ளிவந்து இந்தத் தரையில் கொட்டி உட்கார்ந்து பொறுக்கினான். எலி, தவளை, கொசு மாதிரி ஒன்று. எல்லாம் பூச்சி. நாள் கணக்கில் பொறுக்கினான். இதை எடுப்பான், அதை வைப்பான், எடுத்ததை மறுபடி மாற்றுவான்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் முப்பது வருஷத்துக்குமேல் ஓ.இ. மில்லில் மேஸ்திரி. ஓ.இ. மில் என்றால் தெரியுமா? பெரிய மில்காரன் சீப்பிட்டுத் தள்ளின வேஸ்ட் பஞ்சை வாங்கி அதிலிருந்து நூல் ஓட்டுகிற மில். இழை குட்டையாக இருக்கும், தூசி இருக்கும், விதைத்தோல் இருக்கும். அதிலும் நூல் வரும். எந்த வேஸ்ட்டோடு எந்த வேஸ்ட்டை எவ்வளவு கலக்குவது என்று தெரிந்தவனுக்கு வரும். இவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். குப்பையைக் கலந்துகொண்டிருந்தான், அளவோடு. என் ரத்தம்தான் என்று நினைத்தேன்.

அவனிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்வார்களா?

ஒரு நாள் அவனே சொன்னான். தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன், "இருங்கப்பா" என்று நிறுத்திக் காட்டினான். இந்த எலியையும் தவளையையும் வரிசையாக எதிராளி முன்னால் தள்ள வேண்டும். அவை சாகும். சாகத்தான் தள்ளுவது. ஒவ்வொன்று சாகும்போதும் ஒரு கார்டுக்குப் பலம் ஏறும். அந்தக் கார்டில் ஒரு கிழவன் படம். கையில் கோடாலி, முகம் கடுகடுவென்று. எதிராளி தன் பெரிய பெரிய கார்டையெல்லாம் இறக்குவதற்குள் கிழவன் ஆட்டத்தை முடித்துவிடுவான். விலை உயர்ந்த கட்டெல்லாம் மெதுவாகக் கிளம்பும், அதுதான் அதற்குப் பலவீனம் என்றான்.

"இந்தக் கார்டு மட்டும் நாலு வேணுங்கப்பா. இது மட்டும் பெட்டியில கெடைக்காது. வாங்கித்தான் ஆகணும்."

அப்புறம் அந்தக் கிழவனைப் பார்த்து, "உங்கள மாதிரியே இருக்கார்ல?" என்று கேட்டான்.

என்னைப்போலவாம். கோடாலியை வைத்துக்கொண்டு முறைத்தபடி நிற்கிறான் அந்தக் கிழவன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போடா என்று எழுந்துவிட்டேன்.

அந்த நாலு கார்டுக்காக என் பழைய மொபெட்டைத் துடைத்து எடுத்தான். பரீட்சைக்குப் போவதையே விட்டவன் வீடு வீடாகப் பரோட்டா கொண்டுபோய்க் கொடுத்தான், மழையிலும் வெயிலிலும். எனக்குத் தெரிந்தவன் ஒருவன், சங்கத்தில் இருந்தவன், அவன் வீட்டுக்கே பிரியாணிப் பொட்டலத்தோடு போய் நின்றிருக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொன்றாக நாலும் வாங்கினான். அதோடு கையில் இருந்தது தீர்ந்தது. கார்டு தேயாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை போடுவீர்களே, கறுப்பு உறை, அது எண்ணி அறுபதுதான் வாங்கினான். உபரி ஒன்றுகூட இல்லை. உன் பையில் ஒரு கட்டு உபரி உறை எப்போதும் இருக்கும், இல்லையா?

ஆடிப் பழக ஆள் வேண்டும். கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போவான். மற்ற நாளில் பழைய காலண்டர் தாளை வெட்டி, அதில் உங்கள் விலை உயர்ந்த கார்டின் பெயரையெல்லாம் எழுதி எதிர்ப்பக்கம் வைத்துத் தானே இரண்டு ஆளாக ஆடுவான். ஒரு பக்கம் உட்கார்ந்து போடுவான், எழுந்து சுற்றிப்போய் அடுத்த பக்கம் உட்கார்ந்து போடுவான். பைத்தியம் மாதிரி. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டான்.

"சும்மா புடிச்சுட்டு உக்காருங்கப்பா. நான் சொல்றத வெச்சாப் போதும்."

"வேற வேலை இல்லையா எனக்கு?"

வேலை இல்லைதான். ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஆயிற்று. ஆனாலும் அப்பனைச் சீட்டாடக் கூப்பிடுவானா ஒருத்தன்?

இப்படி இருக்கும்போது ஷாநவாஸே இங்கே வந்தான். நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். பீளமேட்டில் இன்னொரு கடை போடுகிறேன் அங்கிள், போட்டி நடத்த, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், யோகேஷைவிட இந்த ஆட்டம் தெரிந்தவன் ஊரில் இல்லை என்றான். ஆனால் பங்குதாரன் ஒருத்தன் இருக்கிறான், பெயர் பெற்ற ஆள்தான் வேண்டும் என்கிறான். விஜயதசமி அன்று பெரிய போட்டி. அதில் ஜெயித்து அடுத்த சுற்றுப் போட்டிக்குப் பெங்களூர் போகிறவர்களில் ஒருவனாக வந்துவிட்டால் வேலை அவனுக்குத்தான் என்றான்.

சம்பளம் கேட்டேன். பரவாயில்லை.

ஆக, அதுதான் விஷயம். சீட்டு இல்லை, வேலை. என் பையன் தினமும் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் இடத்துக்குப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருவான். அது நடக்குமா நடக்காதா, அவ்வளவுதான்.

விஜயதசமிக்கு முதல் நாள் என்ன? சரஸ்வதி பூசை. எங்களுக்கு ஆயுத பூசை. மில்லில் இருந்த காலத்தில் அன்றைக்கு மெஷினெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டித்தான் நிறுத்துவோம். ரிட்டையர் ஆனாலும் என் ஸ்பானர், திருப்புளி, எல்லாவற்றையும் பலகையில் வைத்து நான் கும்பிடாமல் இருந்ததில்லை. அவன் பங்குக்குப் பரீட்சைப் புத்தகத்தை வைப்பது வழக்கம். அந்த வருஷம் தேடினேன், இல்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டான். அவன் பெயருக்கு ஒன்றும் இல்லாமல் பலகை மூளியாக இருந்தது. அறைக்குள் போனேன். அவன் கடைக்குப் போயிருந்தான், பெயர் கொடுக்க. கட்டு மேஜைமேல் பெட்டியில் இருந்தது. எடுத்து வந்து ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வைத்தால் போதுமா? புதுச் சட்டைக்கே மூலையில் மஞ்சள் வைத்துத்தான் போடுவோம். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் வைப்போம். நாளைக்குக் களத்தில் இறங்குகிற சாமானுக்கு வைக்காமல் அனுப்புவார்களா? கட்டைப் பிரித்தேன். அந்தக் கிழவன் நாலு பேரையும் தேடி எடுத்தேன். மஞ்சளைக் குழைத்து ஆளுக்கு ஒரு துளி. முகத்தில் வைக்கவில்லை. முகத்தில் வைத்தால் படம் மறைந்துவிடும், அவன் கோபித்துக்கொள்வான் என்று பின்பக்கம் மூலையில் வைத்தேன். கறுப்பு உறையில் நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. அவ்வளவு யோசித்துச் செய்தேன். காய்ந்ததும் கட்டுக்குள் கலந்து பெட்டியை மூடினேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லிச் செய்கிற காரியமா அது?

காலையில் அவன் பலகையிலிருந்து பெட்டியை எடுக்கும்போது பார்த்தேன். ஸ்பானருக்கு நடுவில் தன் பெட்டியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். என்னைப் பார்த்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"போய்ட்டு வர்றேங்கப்பா" என்றான். இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.

சாப்பிடாமல் போய்விட்டான். அதனால்தான் வந்தேன் நான். விளையாட்டுப் பார்க்க வரவில்லை. சுண்டலும் எலுமிச்சை சாதமும் தூக்கில் எடுத்துக்கொண்டு அவினாசி ரோடு ஹோட்டலுக்கு வந்தேன். காவல்காரன் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னான். ஹால் குளுகுளுவென்று இருந்தது, பரீட்சை ஹால் மாதிரி நீள நீள மேஜை. எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். என் பையன் நடுமேஜையில். அவனைச் சுற்றிக் கூட்டம்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "நீங்களாப்பா?" என்று சிரித்தான். அந்தப் பல்வரிசையைப் பார்த்து நாளாயிற்று. எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை. சுண்டலுக்காகத்தான் இருக்கும்.

"செமி பைனல்ங்கப்பா. இது ஒண்ணுதான். இது ஜெயிச்சாப் பெங்களூர்."

ஷாநவாஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அங்கிள், மேஜைக்கு அடியில கெடந்த குப்பை. அத வெச்சு அஞ்சு பேரச் சாய்ச்சுட்டான். ஹால்ல பாதிப்பேரு சொந்த ஆட்டத்த விட்டுட்டு இதப் பாக்க வந்துட்டான்."

எதிரே நீ. மற்றதை நீயும் பார்த்தாய். ஆனால் நீ உட்கார்ந்த பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் அவன் முதுகுப் பக்கம் நின்றேன். சொல்கிறேன்.

அவன் கட்டைக் கலைத்தான். எதிராளி ஒருமுறை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். கட்டை உன் பக்கம் தள்ளினான். நீ வெட்டினாய். மேலே மஞ்சள் மூலை. முன்னால் ஆடின அஞ்சு பேர் அதை ஏதோ கறை என்று விட்டிருப்பார்கள். நீ அதைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய். முதல் ஆட்டம் ஆடினீர்கள், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டுமாமே. அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி வெட்டினாய், கட்டை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தாய். அப்போதுதான் கையைத் தூக்கினாய்.

அந்த ஜட்ஜ் பெண் வந்தாள். சின்னப் பெண், மரியாதை தெரிந்த பெண். கட்டை வாங்கிக் கவிழ்த்துப் பரப்பினாள். மஞ்சள் மூலை நாலையும் தனியாக இழுத்துத் திருப்பினாள். நாலும் கிழவன்.

"இது என்னங்க?" என்று இவனைக் கேட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் பையனை நாலு பேர் நடுவில் திருடனைக் கேட்கிற மாதிரிக் கேட்டால்?

"நான் வெச்சது. மஞ்சள். பூசைக்கு வெச்சது. அதுல என்ன தப்பு?" என்றேன்.

"தப்புன்னு சொல்லல சார். கவுத்து வெச்சிருக்கும்போதே எது எந்தக் கார்டுன்னு தெரியக் கூடாது. அதான் சட்டம். எல்லாக் கார்டுக்கும் வெச்சீங்களா, சிலதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும் எதுக்கும்மா? மில்லுல எத்தனை மெஷின் இருந்தாலும் பெரிய பொட்டு மெயின் மோட்டாருக்குத்தான். நல்லது நாலு. நாலுக்கு மட்டும் பாத்து வெச்சேன்."

எவனோ பின்னால் சிரித்தான்.

"அப்பா, பேசாதீங்க" என்றான் இவன். மெதுவாகத்தான் சொன்னான்.

ஏன் பேசக் கூடாது? நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. நல்லதுதான் செய்தாள். இவன் பக்கம் குனிந்து சொன்னாள், நானும் கேட்டேன்: "வேற ஒருத்தர் வெச்சது, உங்களுக்குத் தெரியாதுன்னா பெரிய விஷயம் இல்ல. இந்த ஒரு ஆட்டம் தோத்ததா வெச்சுக்குவோம். உறைய மாத்திட்டு மேல ஆடலாம். நீங்க இத இப்பத்தான பாக்கறீங்க?"

எப்படிக் கேட்டாள் பார். பதிலையும் அவளே வாயில் வைத்துக் கொடுத்தாள். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை. எலி, தவளையையெல்லாம் கூசாமல் பலி கொடுக்கிறவனுக்கு ஒரு பொய்யைக் கொடுக்க முடியாதா?

"இல்லீங்க. மொத ரவுண்டுலயே பாத்துட்டேன்" என்றான்.

அவள் கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தாள். "பாத்தவுடனே ஏன் சொல்லல? ஒரு ஈரத் துணி போதுமே. தொடச்சிருக்கலாமே?"

இவன் அந்த நாலு கார்டையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் தூக்கு.

"தொடைக்கத் தோணலைங்க" என்றான்.

தோணலையாம்! கேட்டாயா? காலையிலிருந்து அஞ்சு ஆட்டம். வெளியே குழாய் இருக்கிறது. கர்ச்சீப் இருக்கிறது. துடைக்கத் தோன்றவில்லை. சோம்பேறி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தது.

இரு. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று தெரியும். அவன் ஏன் துடைக்கவில்லை என்று உனக்குத் தெரியுமாக்கும்? வேண்டாம். நீ சொல்ல வேண்டாம். என் பையனைப் பற்றி என்னிடமே சொல்ல வராதே. தண்ணீர் வேண்டுமானால் அந்தச் சொம்பில் இருக்கிறது.

மைக்கில் பெயரைச் சொன்னார்கள். அடையாளம் வைத்த கார்டு, தெரிந்தே ஆடினான், விலக்கு. ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் உட்காரக் கூடாது. பெயரை இரண்டு தடவை சொன்னார்கள், மைக் கொரகொரத்ததால். கார்டைப் பொறுக்கி அடுக்கினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வழியில் ஒருத்தன் சொன்னான்: "மஞ்சத் தண்ணி ஊத்தி ஆடற டெக்குடா இது." இன்னொருத்தன், "அப்பனும் புள்ளையும் கூட்டுடா, பெருசு சிக்னல் குடுக்கத்தான் பின்னால நின்னுச்சு" என்றான்.

என்னைச் சொன்னான். முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவனை. திரும்பிப்போய் அறைந்திருப்பேன். இவன் என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். ஷாநவாஸ் படிக்கட்டில் நின்றான். என்ன சொல்வான்? அவன் பங்குதாரன் பக்கத்திலேயே நின்றான்.

பஸ்ஸில் நான்தான் கேட்டேன். "தொடச்சிருக்கலாம்லடா?"

"தொடச்சிருக்கலாங்கப்பா" என்றான்.

பார், அவனே ஒத்துக்கொண்டான். அதற்குமேல் என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து தூக்கைத் திறந்தேன். சுண்டல் அப்படியே இருந்தது, ஊசிப்போய்விட்டது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை நான் விடவில்லை. இரண்டு வருஷம் விட்டதுதான் தப்பு. என் பழைய முதலாளியின் தம்பி உடுமலைப் பக்கம் ஓ.இ. மில் ஓட்டுகிறான். பேசினேன். ப்ளோ ரூமில் இடம் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, உடனே அனுப்பு என்றான். ப்ளோ ரூம் என்றால், பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்டு அடிக்கிற இடம். கொஞ்சம் தூசிதான். பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் கேட்காது, அந்தச் சத்தம். எனக்கு இந்த இருமல் அங்கே ஆரம்பித்ததுதான். எல்லோருக்கும் வரும், பழகிவிடும்.

கதவைத் தட்டிச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பையில் நாலு சட்டையை அடுக்கிக்கொண்டு வந்து நின்றான். நானே கொண்டுபோய் விட்டேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. பொறுப்பு வந்துவிட்டது. மாதாமாதம் பணம் அக்கவுண்டில் விழுகிறது, ஒரு நாள் தவறுவதில்லை. வேறென்ன வேண்டும் ஒரு அப்பனுக்கு?

என்ன? இன்னொரு முறை சொல்.

தடையைக் குறைத்துவிட்டார்களா? யார் எழுதிப்போட்டது, நீயா? அந்த ஜட்ஜ் பெண்ணுமா? ம்.

பீளமேட்டுக் கடையில் போட்ட ஆள் நிற்கவில்லையா? பங்குதாரனே வரச் சொன்னானா?

வேண்டாம் தம்பி. அவன் இப்போது ஒழுங்காக இருக்கிறான். மறுபடி கூட்டிப்போய் உட்காரவைத்து, மறுபடி எவனாவது ஒன்று சொல்லி, மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் நீயா வந்து சோறு மூடி வைப்பாய்? நீ நல்ல பையன். எழுந்திரு. போய்ச் சொல், அவனுக்கு மில்லில் வேலை பெர்மனென்ட் ஆகப் போகிறது என்று.

போனா? அடித்துப் பார், எடுக்க மாட்டான். ப்ளோ ரூமில் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ராத்திரி தூங்கிவிடுவான், அலுப்பு. நானே அடிப்பதில்லை இப்போது.

இரு. செருப்பைப் போட்டுக்கொண்டே கேள்.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தளி போகிற டவுன் பஸ் ஏறு. கறிக்கோழிப் பண்ணை ஒன்று நாறும், அதைத் தாண்டி இறங்கு. பச்சை கேட். போர்டில் பஞ்சு படிந்திருக்கும், பெயர் தெரியாது. மூன்று மணிக்கு ஷிப்ட் விடும். எல்லோரும் தலையெல்லாம் வெள்ளையாக வருவார்கள், ஆள் அடையாளம் தெரியாது, ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றாலும் பிரயோசனம் இல்லை. கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அவன் ஹாஸ்டல் பக்கத்து வழியாகப் போய்விடுவான். அதனால் வாட்ச்மேனிடம் சொல்லிக் கூப்பிடு. யார் வந்திருக்கிறது என்று சொல்ல என்பான்.

உன் பெயரைச் சொல். ஷாநவாஸ் பெயரைச் சொல். அந்த ஜட்ஜ் பெண் பெயர் தெரிந்தால் அதையும் சொல்.

நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதே. வெளியே வரமாட்டான்.